பினெகாஸுக்கு என்ன கிடைத்தது

கேப்பர் மலை, கடலூர்
11.11.2024

மச்சான் ஞானசேகரனுக்கு, உன் அக்கா புருஷன் இளவரசு கர்த்தருக்குள் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. ஜெயிலில் இருக்கிறவன் அப்படி எழுதினால் ஊர் சிரிக்கும். நேற்றுச் சோற்று வரிசையில் திட்டக்குடிக்காரன் ஒருவன், "மருமவனக் கொன்ன மாமனாரு வர்றாரு, வழி வுடுங்கடா" என்றான். கையில் இருந்த தட்டாலேயே அவன் வாயில் அறைந்தேன். அவனுக்கு ஒரு பல் போனது. எனக்குக் கட்டைவிரல் வீங்கிவிட்டது. கையெழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான்.

இதில் ஜெயில் முத்திரை இருக்காது. வக்கீல் குமாஸ்தா சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவான். பதிலையும் அவனிடமே கொடு. தபாலில் போட்டால் இங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் என் கையில் தருவார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கேஸ் சீக்கிரம் விசாரணைக்கு வரும். வக்கீல் சொல்லும் வழி இது. ஜூன் எட்டாம் தேதி நான் மகள் கயல்விழியோடு சமாதானம் பேசத்தான் சிதம்பரம் போனேன். அண்ணாகிராமத்து நம் கொல்லையில் பழுத்த பலாப்பழம் ஒன்றை வண்டியில் ஏற்றிப் போனேன். பழம் அறுக்கக் கத்தியும் எடுத்துப் போனேன். போன இடத்தில் அந்த எழிலன் என்னவோ மரியாதை இல்லாமல் பேசினான், ஆத்திரத்தில் கை ஓடிவிட்டது. தடுக்க வந்த மகள் கையிலும் பட்டுவிட்டது. திட்டம் போட்டுச் செய்யவில்லை. இப்படி நின்றால் ஆறேழு வருஷத்தில் வெளியே வந்துவிடலாம் என்கிறார்.

இதில் ஒரே முள் நீ. அன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு உனக்குப் போன் போட்டேன். இருபத்திரண்டு நிமிஷம். கம்பெனிக்காரன் கொடுத்த பட்டியலில் அது இருக்கிறது. இன்ஸ்பெக்டர் கேட்டபோது, வேதத்தில் ஒரு சந்தேகம் கேட்டார் என்று சொன்னாயாம். நல்ல பதில். அதோடு நில். என்ன சந்தேகம் என்று கோர்ட்டில் எவன் கேட்டாலும் மறந்துவிட்டது என்று சொல். நான் பினெகாஸைப் பற்றிக் கேட்டது நமக்கும் கர்த்தருக்கும் தெரிந்தால் போதும்.

உன் அக்கா தாலியை நினைத்துக்கொள்.

இளவரசு


சிதம்பரம்
24.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான்கு முறை பதில் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இருபத்தாறு வருஷமாகப் பழைய ஏற்பாடும் எபிரேயமும் சொல்லிக்கொடுக்கிறவன், ஒரு கடிதத்துக்கு இவ்வளவு திணற வேண்டியதில்லை.

கயல்விழி எப்படி இருக்கிறாள் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். வலது கையில் இரண்டு விரல் இல்லை. மூன்றாவது விரல் மடங்காது. கிடைக்காத நரம்பைத் தடவிக் கண்டுபிடித்து ரத்தம் எடுக்கிற கை என்று லேபில் அவளுக்குப் பெயர் இருந்தது. இப்போது என் மனைவி மாலதி சோறு பிசைந்து ஊட்டப் போனாலும் வாயைத் திறப்பதில்லை. இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சிந்திச் சிந்திச் சாப்பிடுகிறாள்.

நீங்கள் கேட்டது ஒரு பிரதியைப் பற்றிய கேள்வி. நான் சொன்னது பிரதியைப் பற்றிய பதில். எண்ணாகமத்தில், சிம்ரி என்ற இஸ்ரவேலன் கஸ்பி என்ற மீதியான் தேசத்துப் பெண்ணைத் தன் கூடாரத்துக்கு அழைத்து வருகிறான். அந்நிய ஜாதிப் பெண். ஆசாரியன் வீட்டுப் பிள்ளை பினெகாஸ் ஈட்டியோடு பின்னாலேயே போய் இரண்டு பேரையும் குத்திக் கொல்கிறான். "அவனுக்கு அப்பறம் என்னா கெடச்சிது மச்சான்? கர்த்தர் தண்டிச்சாரா?" என்று கேட்டீர்கள். தண்டிக்கவில்லை, அவனோடு சமாதான உடன்படிக்கை செய்தார், அவன் வம்சத்துக்கு என்றைக்கும் ஆசாரியப் பட்டம் கொடுத்தார் என்றேன். அப்படித்தான் எழுதியிருக்கிறது. பிரதியில் இருப்பதைச் சொல்வது வேறு, அதைச் செய் என்று சொல்வது வேறு. முதலாண்டு மாணவனுக்கே இந்த வித்தியாசம் தெரியும்.

நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை சாட்சிக்கு இல்லை என்று நினைக்கிறேன். கல்லூரி முதல்வர் பதவிக்குப் போயிருக்கும் மூன்று பெயர்களில் என்னுடையது முதலில் இருக்கிறது. அதற்காகச் சொல்லவில்லை. ஏன் எழுதினேன் என்றும் தெரியவில்லை.

தயவுசெய்து இனி எழுத வேண்டாம். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

ஞானசேகரன்


கேப்பர் மலை, கடலூர்
09.12.2024

மச்சான்,

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள். பிரதி, பிரதி என்று எழுதித் தள்ளியிருக்கிறாய். நான் அவனைப் பிரதியில் வெட்டவில்லை. வண்டிகேட் பக்கத்து மாடி வீட்டில் வெட்டினேன். முதல் வெட்டுக்கு அவன் சத்தம்கூடப் போடவில்லை, என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். இரண்டாவது வெட்டில்தான் சாய்ந்தான். கயல் ஓடிவந்து கத்தியை வெறுங்கையால் பிடித்தாள். நான் இழுத்தேன். விரல் போனது அப்படித்தான். பழத்தின் மேலெல்லாம் ரத்தம். இதையெல்லாம் நீ உன் அடிக்குறிப்பில் போட்டுக்கொள்.

என் கை நடுங்கவில்லை. கர்த்தருடைய வேலையைச் செய்கிறவன் கை ஏன் நடுங்க வேண்டும்? அவன் நெற்றியில் விபூதி பூசுகிறவன், திருவதிகை கோயில் தேர்வடம் பிடிக்கிறவன். என் மகள் ஞானஸ்நானம் வாங்கினவள். நீ சொன்ன கதையில் இல்லாதது எதையாவது நான் செய்தேனா? சொல்.

அன்றைக்கு எப்படிப் பேசினாய் மச்சான்! மூச்சு விடவில்லை. எண்ணாகமத்தில் ஆரம்பித்து, சங்கீதத்தில் அவனைப் பாராட்டியிருக்கிற இடம் வரைக்கும் போனாய். ஜெர்மன்காரன் ஒருவன் என்ன சொன்னான், அவனை நீ எப்படி மறுத்தாய், எல்லாம் சொன்னாய். நான் உம் கொட்டிக்கொண்டே வண்டியில் பழத்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில், "அவுங்க ஊட்டு அட்ரஸ் குடு மச்சான், பழம் ஒண்ணு குடுத்துட்டு வரேன்" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தாயா? கதவு எண் சொன்னாய். மாடிப்படி வெளிப்பக்கம் இருக்கும் என்றாய். மத்தியானம் போனால் இரண்டு பேரும் இருப்பார்கள் என்றாய். நான் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாய்.

ஆகவே எனக்கு ஜெபம் வேண்டாம். நீ வாய் திறந்தால் நானும் திறப்பேன். மச்சான்தான் வசனம் எடுத்துக் கொடுத்து வழியும் காட்டி அனுப்பினான் என்பேன். பிரின்சிபால் நாற்காலி போய் என் பக்கத்துச் செல் கிடைக்கும். பாய் நானே விரித்துத் தருகிறேன்.

இன்னொன்று. முகவரி கொடுத்தது தன் அம்மா என்று கயல் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கலைமணியிடம் மட்டும்தான் அவள் முகவரி சொல்லியிருந்தாளாம், உனக்குச் சொன்னதை மறந்துவிட்டாள் போல. நினைக்கட்டும் விடு. கலைமணி தாங்குவாள். என்னோடு முப்பது வருஷம் தாங்கியவள்.

இளவரசு


சிதம்பரம்
02.01.2025

மாமா,

எழுத வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். நானே எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று அக்கா வந்தாள். பண்ருட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி, டிபன் கேரியரில் கோழிக்குழம்பும் கயலுக்குப் பிடித்த அதிரசமும் கொண்டுவந்தாள். ஆராதனை முடிந்து நாங்கள் அப்போதுதான் வீடு திரும்பியிருந்தோம். கயல் முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். அக்கா கேரியரை அவள் பக்கத்தில் வைத்து, "ஒரு வாயி துன்னும்மா" என்றாள்.

கயல் எழுந்தாள். இடது கையால் அந்தக் கேரியரைத் தூக்கி அம்மா முகத்தில் வீசினாள். புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் கொட்டியது. குழம்பு எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. "எடம் காட்டி உட்டுட்டு சோறு தூக்கினு வரியா? எம் புருசன் துன்ன சோறு எங்க? அவன் எங்க?" என்று கத்தினாள். அக்கா, நான் சொல்லல என்றுகூடச் சொல்லவில்லை. முந்தானையால் நெற்றியை அழுத்திக்கொண்டு, தரையில் சிதறிய அதிரசத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பாவம் கதவோரம் சட்டை கலையாமல் நின்றுகொண்டிருந்தது மாமா. நான்தான் அது.

அக்காவுக்கு ஐந்து தையல். ஆட்டோவில் போகும்போது, "நீதான குடுத்த?" என்று என்னிடம் கேட்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் தலையை ஆட்டினேன். "அவகிட்ட சொல்லாத. அவளுக்கு நீயாச்சும் வேணும்" என்றாள். அன்றிலிருந்து எனக்கு எதுவும் இறங்கவில்லை.

உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நீங்கள் போனில் பினெகாஸைப் பற்றிக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் நம் குடும்பத்தில் ஒருவர்கூட நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டதில்லை. கல்யாண வீடுகளில் என்னைச் சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணச் சொல்வார்கள், அவ்வளவுதான். பினெகாஸ் பற்றி எழுபது பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறேன். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்தது. அதைப் பரிசீலித்தவர், இந்தக் கொலையைப் பற்றி ஆசிரியரின் சொந்த நிலை என்ன என்று ஒரு கேள்வி எழுதியிருந்தார். அது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல என்று பதில் போட்டேன். அந்தப் பதிலை வகுப்பில் பெருமையாகச் சொல்லிக் காட்டுவேன். உலகத்தில் பத்துப் பேர் படித்த அந்தக் கட்டுரையைப் பதினொன்றாவதாக என் மாமா கேட்கிறார் என்று பூரித்துப்போய்ப் பேசினேன். ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. சம்மதமில்லாமல் மகள் கல்யாணம் செய்த மூன்றாவது மாதத்தில், ஒரு தகப்பன் ஈட்டியைப் பற்றி ஏன் கேட்கிறான் என்று எந்த மடையனுக்கும் தோன்றியிருக்கும். பண்டிதனுக்குத் தோன்றவில்லை.

அதற்கு முன்னால் செய்ததும் இருக்கிறது. ரிஜிஸ்டர் ஆபீசுக்குத் தாய்மாமனாக வந்து மாலை எடுத்துக் கொடுங்கள் என்று கயல் கூப்பிட்டாள். அன்றைக்கு ஒரு மாணவனுக்கு வாய்மொழித் தேர்வு இருக்கிறது என்றேன். தேர்வு மறுநாள்தான் இருந்தது.

ஆனால் உங்களையும் விட மாட்டேன். கர்த்தருடைய வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அண்ணன் மகள் இசைவாணி கல்யாணத்தில் மாப்பிள்ளை நெற்றி நிறைய விபூதியோடு வந்து இறங்கினானே, அவனுக்கு மோதிரம் போட்டுத் தோளில் கைபோட்டுக் கூட்டி வந்தது யார்? அவன் ஞானஸ்நானம் வாங்கவில்லை. நம் ஆட்கள், அதனால் வேதம் குறுக்கே வரவில்லை. எழிலனிடம் உங்களுக்குக் குத்தியது விபூதி இல்லை மாமா, அவன் பிறந்த தெரு. சாதிக்காக வெட்டினேன் என்று சொல்ல வெட்கப்பட்டு பினெகாஸைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டீர்கள். அந்தக் கதையிலும் அதே அக்கிரமம்தான். மோசேயின் பெண்டாட்டியும் மீதியான்காரிதான். அவன் கூடாரத்துக்கு எவனும் ஈட்டி தூக்கிக்கொண்டு போகவில்லை. இதை என் கட்டுரையில் அடிக்குறிப்பாகச் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறேன். அன்றைக்கு உங்களிடம் சொல்ல நேரமில்லை. ஜெர்மன்காரனை மறுத்துக்கொண்டிருந்தேன்.

கோர்ட்டில் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் கயலிடம் சொல்ல வேண்டும். தைரியம் வரவில்லை. வரும்.

ஞானசேகரன்


கேப்பர் மலை, கடலூர்
15.01.2025

ஞானசேகரா,

பொங்கலுக்கு வெல்லச்சோறு போட்டார்கள். தின்றுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சாதியைப் பற்றி நீ எனக்குப் பாடம் எடுக்காதே. உன் மகள் ஒருத்தனை இழுத்துக்கொண்டு வந்திருந்தால் உன் எபிரேயம் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்குப் பிள்ளை இல்லை, நியாயம் பேசுகிறாய்.

கேட்டுக்கொள். காலை ஏழே கால் பஸ்ஸில் காலேஜுக்குப் போகிறாய். மாலதி புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குத் தனியாக நடந்து போகிறாள். என் அண்ணன் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியும். கயலுக்கு இன்னொரு கை நன்றாகத்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவள் பிழைக்கட்டும் என்று நினைக்கிறேன். நீ கூண்டில் ஏறினால் அப்படி நினைக்க மாட்டேன்.

பதில் எழுதாதே. மறந்துவிட்டது என்ற ஒரு வார்த்தையைப் பாடம் செய்.

இளவரசு


சிதம்பரம்
03.02.2025

மாமா,

இதைத் தபாலில் போடுகிறேன். ஜெயிலில் பிரிக்கட்டும், படிக்கட்டும், முத்திரை குத்தி உங்களிடம் கொடுக்கட்டும். உங்கள் பொங்கல் கடிதத்தையும் முந்திய இரண்டையும் போலீசில் கொடுத்துவிட்டேன். அவற்றோடு உங்களுக்கு நான் எழுதியவற்றில் என்ன சொன்னேன் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, "அப்பவே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கயலிடம் சொல்லிவிட்டேன். போன ஞாயிறு காலை, சபைக்குப் போகாமல் உட்காரவைத்துச் சொன்னேன். போனில் நீங்கள் கேட்டது, நான் சொன்னது, கதவு எண், வெளிப்பக்க மாடிப்படி எல்லாம். மடங்காத விரலுக்குப் போன வாரம் மறுபடி ஆபரேஷன் செய்து போட்ட கைக்கட்டையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்த பிறகு ஒரே கேள்வி கேட்டாள்.

"எதுக்கு கேக்கறீங்கன்னு ஒரு வார்த்த கேக்கலியா மாமா?"

"கேக்கலம்மா."

எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். இரண்டு விரல் இல்லாத கையால். எனக்கு வலிக்கவில்லை, அவளுக்கு வலித்திருக்கும். தையல் போட்ட இடம் வாய் திறந்து என் சட்டையெல்லாம் ரத்தம். மாலதி ஓடிவந்து கட்டுப்போட்டாள். அதன் பிறகு கயல் மாலதியிடம் மட்டும் பேசினாள், இரண்டு புடவையை எடுத்துக்கொண்டாள், திருவதிகைக்கு எழிலனின் அம்மா பொன்னியிடம் போய்விட்டாள். மறுநாள் அக்காவும் அங்கே போய் வாசலில் நின்றிருக்கிறாள். பொன்னி அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போனாராம். கொஞ்ச நேரம் கழித்துக் கயல் வெளியே வந்து, அம்மாவின் நெற்றித் தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே கூட்டிப்போனாளாம். மாலதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று கேட்கும் முகமும் எனக்கு இல்லை.

உங்கள் அண்ணன் பிள்ளைகள் ஏழே கால் பஸ்ஸில் ஏறட்டும். நான் அதில்தான் போகிறேன்.

ஞானசேகரன்


சிதம்பரம்
19.07.2025

மாமா,

நேற்று முன்தினம் கோர்ட்டில் நான் சொன்னதையெல்லாம் கூண்டில் நின்று கேட்டீர்கள். சொல்லும்போது என் மனதில் ஓடியதை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் வக்கீல் கெட்டிக்காரர். முதலில், இதை ஏன் போலீசிடம் அப்போதே சொல்லவில்லை என்றார். பயம், பதவி ஆசை என்றேன். எழுத்தர் எழுதிக்கொண்டார். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடக்கூடிய இரண்டு வார்த்தைக்கு ஒரு வருஷம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பிறகு வேதத்துக்கு வந்தார்.

"ஒங்க வேதத்துல அந்த ஆளுக்குக் கடவுள் பரிசு குடுத்தாரா இல்லியா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"ஆமாம்."

"அப்ப என் கட்சிக்காரருக்கு நீங்க தப்பான பதில் எதுவும் சொல்லல?"

"சரியான பதிலத்தான் சொன்னேன். கேள்வி எதுக்குன்னு தெரிஞ்சுக்காம சொன்னேன்."

அவர் திருப்தியாக உட்கார்ந்துவிட்டார். அப்போது அந்த அம்மா, ஜட்ஜ், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்தக் கதையைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். எழுபது பக்கத்தில் நான் பதில் சொல்லாமல் தாண்டிய கேள்வி. சபை மூப்பர்கள் நான்கு பேர் இரண்டாவது பெஞ்சில் இருந்தார்கள். கல்லூரிச் செயலாளர் இருந்தார். பின்னால் சுவரோரம் பொன்னிக்கும் அக்காவுக்கும் நடுவில் கயல் இருந்தாள். மாமா, நான் விசுவாசி. அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் இன்றும் முதலில் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன்.

"அது கொலை. அதுக்குக் கடவுள் பரிசு குடுத்தார்னு எழுதினவங்க தப்பா எழுதிட்டாங்க" என்றேன்.

மூப்பர் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாளே கல்லூரியிலிருந்து ஆள் வந்தது. வேதத்தில் பிழை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார்கள். போடவில்லை. ஆகஸ்டிலிருந்து எனக்கு வகுப்பு கிடையாது. முதல்வர் நாற்காலி வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அவர் நல்ல மனிதர், எபிரேயம்தான் கொஞ்சம் குறைவு.

வேதத்தை நான் தூக்கி எறியவில்லை. தினமும் படிக்கிறேன், தினமும் அதோடு சண்டை போடுகிறேன். இத்தனை வருஷம் சண்டை போடாமல் படித்ததுதான் வெட்கமாக இருக்கிறது. ஜெபிக்கவும் செய்கிறேன். உங்கள் பெயரும் வருகிறது. எப்படி ஜெபிப்பதென்று தெரியாமல் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

கோர்ட் வராந்தாவில் கயல் என்னைத் தாண்டித்தான் போனாள்.

ஞானசேகரன்


கேப்பர் மலை, கடலூர்
06.09.2025

மச்சானுக்கு,

இதைத் தபாலில்தான் போடுகிறேன். முத்திரை இருக்கும், பார்.

ஆயுள் கொடுத்துவிட்டார்கள், கேள்விப்பட்டிருப்பாய். அப்பீல் போடலாம், ஹைகோர்ட்டில் குறைக்கலாம் என்று வக்கீல் நேற்று வந்து ஒரு மணி நேரம் பேசினார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என் அண்ணன் பிள்ளைகள் என்று யாரும் இனி உன் பஸ் பக்கம் வரமாட்டார்கள். அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நீ கூண்டில் நின்று, எழுதினவன் தப்பாக எழுதினான் என்று சொன்னபோது உன்னை அங்கேயே கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. போலீஸ்காரன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கோபம் பத்து நாள் இருந்தது. திட்டக்குடிக்காரனை மறுபடியும் அடித்தேன், அவன் என்னைத் திருப்பி அடித்தான், விலா எலும்பில் விரிசல். படுத்துக்கிடந்தேன். படுத்துக்கிடந்தால் யோசனை வரும். எழுதினவன் தப்பாக எழுதியிருந்தால், நான் செய்தது வெறும் நான் செய்தது. அதைப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை எனக்கு.

வக்கீலிடம் சொல்லாததை, கோர்ட்டில் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். கயலுக்கும் தெரியாது, அவள் அப்போது சமையல்கட்டில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

அங்கே சண்டை எதுவும் நடக்கவில்லை மச்சான். அந்தப் பிள்ளை மரியாதை இல்லாமல் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் படியேறி வந்ததைப் பார்த்ததும் ஓடிவந்து பழத்தை வாங்கிக்கொண்டான். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேப்பரை விரித்து, பழத்தை வைத்து, என்னை உட்காரச் சொன்னான். நான் கத்தியை எடுத்தேன். "இருங்க மாமா, பாலு ஒட்டிக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் எண்ணெய் கொண்டுவந்தான். என் எதிரில் மண்டிபோட்டு உட்கார்ந்து, என் இரண்டு கையையும் பிடித்து, விரல் இடுக்கெல்லாம் தடவிவிட்டான். பிறகு கத்தியைக் கேட்டு வாங்கி, அதிலும் தடவி, பிடியை என் பக்கம் திருப்பிக் கொடுத்தான்.

வாங்கித்தான் வெட்டினேன்.

அவன் அம்மாவிடமும் என் மகளிடமும் இதை நீ சொல். எழுதிப் போடாதே. நேரில் போய்ச் சொல்.

இளவரசு